சாப்பாட்டுத் தொட்டியில் கிடந்த செய்தி

சீதாதேவிக்குச் சீனம் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, எந்த நேரமும் கொஞ்சம் அவிழ்ந்தாற்போல் ஒரு கொண்டை. இந்தக் கோலத்தில் அவள் ஆக்லாந்தின் டொமினியன் சாலைக் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கல்லாவில் இருந்த சீன அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "இந்த இந்தியக்காரி ஒவ்வொரு காயையும் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி பார்க்கிறாள்" என்றாள். சீதாதேவி காயைத் தராசில் வைத்துவிட்டு அதே பாஷையில், "மாப்பிள்ளையை இவ்வளவு நேரம் பார்த்திருந்தால் இன்னும் நல்லவனாகக் கிடைத்திருப்பான்" என்றாள். கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு வெங்காயத்தாள் இனாம்.

மலேசியாவில், கிள்ளானில், அவள் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் சீனப் பள்ளிக்கூடம் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. தமிழை அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தாள். சீதாதேவி வளர்ந்து, துறைமுகத்துக் கப்பல் ஆபீஸில் வேலை பார்த்து, தனபாலனைக் கட்டிக்கொண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து வந்து சேர்ந்தாள். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரே கிடங்கில் இரண்டு பேருக்கும் வேலை. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். அவள் கண்டெய்னரில் வந்திறங்கும் பெட்டிகளின் சீன லேபிளைப் படித்து எது குளியலறைக் குழாய், எது பொம்மை என்று பிரித்தாள். குளிர்காலத்தில் அந்தக் கிடங்கின் கதவு திறந்தே கிடக்கும். கால் விரல் மரத்துப்போகும். பல வருஷம் அப்படியே போயிற்று.

அனுஷனை அவள் சந்தித்தது ஒரு கல்யாண வரவேற்பில். யாழ்ப்பாணத்திலிருந்து குழந்தையாக வந்து ஆக்லாந்தில் வளர்ந்தவன். கம்ப்யூட்டர் படித்து, எல்லர்ஸ்லியில் இரண்டே பேர் கொண்ட ஒரு கம்பெனி வைத்திருந்தான். ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்துக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தான்.

"இங்கத்த சீனாக்காரர் வெய்போ எண்ட அவையின்ர ஃபேஸ்புக்கில எழுதுறதை எங்கட மெஷின் எல்லாம் வாசிக்குது அண்ணை. எங்கயாவது நெருப்பு, விபத்து எண்டா ரேடியோக்காரருக்கு முந்தி அதுக்குத் தெரிஞ்சிடும். ஆனா எது உண்மை, எது சும்மா எண்டு பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். சீனமும் வேணும், இங்கிலீசும் வேணும், இந்த ஊரும் தெரியோணும். எங்க போறது?"

"போனக் குடு தம்பி" என்றாள் சீதாதேவி. கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் இருந்ததைக் கடகடவென்று வாசித்து அர்த்தம் சொன்னாள். "இது விபத்து இல்ல லா. இந்தப் பொண்ணு டிரைவிங் டெஸ்ட்ல ஃபெயில்."

அனுஷன் கையில் எடுத்த வடை கையிலேயே இருந்தது.

வேலைக்குப் போன பிறகுதான் அந்த வரைபடத்தை முழுதாகப் பார்த்தாள். ஆக்லாந்து முழுவதும் பெரிய திரையில் விரிந்து கிடக்கும். யாராவது எங்கிருந்தாவது ஏதாவது எழுதினால் அங்கே மஞ்சள் புள்ளி. ஒரே இடத்தைப் பற்றி ஒரே சமயத்தில் பல பேர் எழுதினால் புள்ளி சிவந்துவிடும். சிவந்தது சீதாதேவியின் மேசைக்கு வரும். அவள் வாசித்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாத மூன்று பேராவது சொல்கிறார்களா என்று பார்த்து, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் பொத்தானை அமுக்க வேண்டும்.

மெஷினைக் கட்டியவள் அனுஷனின் கூட்டாளி யூதிங். ஷாங்காய்க்காரி, கெட்டிக்காரி. தென் சீனாவில் வெள்ளம் வந்த வாரத்தில் மெஷின் குவீன் தெருவில் சிவப்புப் புள்ளி வைத்தது. "குவீன் ஸ்ட்ரீட்ல எங்க வெள்ளம்? அங்க நாலு பசங்க காப்பி குடிச்சிக்கிட்டு அம்மா வீட்ட நெனச்சு அழுவுறாங்க" என்று சீதாதேவி சொன்னாள். எழுதுபவன் இருக்கும் இடம் வேறு, நடக்கும் இடம் வேறு என்று யூதிங் அன்றே மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு யூதிங்கும் விட்டுவைக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதுவதை சீதாதேவி தப்பாகப் படிக்கும்போதெல்லாம், "ஆன்ட்டி, உங்கள் சீனம் அப்படியே மீன் மார்க்கெட் சீனம்" என்பாள். "மீன் மார்க்கெட்ல தான் லா உண்மை பேசுவாங்க" என்பாள் இவள்.

சாப்பாட்டுத் தொட்டி மட்டும் முழுக்க சீதாதேவியின் யோசனை. சீனத்தில் எழுதுபவர்கள் மூன்று வேளையும் சாப்பாட்டைப் படம் பிடித்துப் போட்டார்கள். காரத்தில் செத்தேன் என்று ஒருத்தி எழுதினால் மெஷின் சாவுச் செய்தி என்று துள்ளியது. அதனால் சாப்பாட்டுப் பெயர் வரும் எதையும் வரைபடத்துக்கு விடாமல் தனியாக ஒரு தொட்டியில் தள்ளிவிடச் சொன்னாள். பலகாரம், நூடுல்ஸ், பழம், காய் என்று பெயர்களை அவளே சொல்ல, யூதிங் ஏற்றினாள். திரை துடைத்தாற்போல் ஆயிற்று. அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர் கூட இன்னும் கிடைக்கவில்லை என்பதுதான் கவலை. கடைசியில் நகரத்து வானொலி நிலையம் ஒன்று, வெள்ளிக்கிழமை காலை முழுவதும் வரைபடத்தைத் தங்கள் செய்தி அறையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தது. ஹேலி என்ற செய்தி ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்கு முன்னால் ஒரு நல்ல செய்தியாவது வர வேண்டும். பொய்யாக ஒன்று வந்தாலும் அதோடு சரி.

"இதுவும் போனா இழுத்து மூடவேண்டியதுதான் அக்கா" என்றான் அனுஷன். மூடினால் சீதாதேவிக்கு மறுபடி ஈஸ்ட் டாமாக்கி, திறந்த கதவு, குளியலறைக் குழாய்.

அனுஷனும் யூதிங்கும் வானொலி நிலையத்துக்குப் போய்விடுவதால், ஆளில்லாத ஆபீஸில் தனியாக உட்காருவானேன் என்று சீதாதேவி சான்ட்ரிங்ஹாமில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கம்ப்யூட்டரை விரித்தாள். மகள் சுரேகா பள்ளிக்குப் போயிருந்தாள். தனபாலன் வேலைக்கு. வீடு அமைதி.

வரைபடமும் அமைதி. ஒருவனின் நாய் காணாமல் போய்க் கிடைத்துவிட்டது. நியூமார்க்கெட்டில் ஒரு காலணிக் கடையில் தள்ளுபடி. அனுஷனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "அக்கா, இந்த மனுசி கொட்டாவி விடுறா."

"நான் என்ன லா பண்றது? போய் எங்கயாச்சும் நெருப்பு வைக்கவா?" என்று பதில் போட்டாள்.

அதைப் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. எல்லர்ஸ்லியில் ஒரு மஞ்சள் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. ஐந்தாறு சேர்ந்து சட்டென்று சிவந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். 'வகுப்பிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.' 'கேஸ் கசிகிறதாம், டீச்சர் பை எடுக்கக்கூட விடவில்லை.' 'மாடிப்படியில் நாற்றம் தாங்கவில்லை.' எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போடவில்லை. படத்தில் தீயணைப்பு வண்டி. வண்டிக்குப் பின்னால் சாம்பல் நிறக் கட்டடம், கீழ்த்தளத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் பலகை.

அலாமாக்! அவர்கள் கட்டடம். கீழே அந்தப் பள்ளி, மேல் மாடியில் அனுஷனின் கம்பெனி. நல்ல வேளை, யாரும் உள்ளே இல்லை.

ஆங்கிலத்தில் தட்டினாள். 'எல்லர்ஸ்லி வணிக வளாகத்தில் எரிவாயு நாற்றம். கட்டடம் காலி செய்யப்பட்டது. தீயணைப்புப் படை வந்துள்ளது.' பொத்தானை அமுக்கினாள்.

சமையலறை வானொலியில் பாட்டு பாதியில் நின்றது. அவள் எழுதியதை ஒரு ஆண் குரல் வாசித்தது. அனுஷன் கூப்பிட்டுவிட்டான்.

"அக்கா! எங்கட பில்டிங் எல்லோ! வேற ஒருத்தரிட்டயும் இன்னும் இல்லையாம். ஹேலி எழும்பி நிண்டு பாக்கிறா. கெட்டிக்காரி அக்கா நீங்கள்!"

"எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டாங்களான்னு மொதல்ல கேளு தம்பி."

"ஓம் ஓம், வந்திட்டினம். அதையும் சொல்லிச்சினம்."

போனை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி போடலாம் என்று எழுந்தாள். எழும்போதுதான் திரையின் ஓரம் கண்ணில் பட்டது. சாப்பாட்டுத் தொட்டியில் எண்ணிக்கை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் எல்லர்ஸ்லியிலிருந்து. கட்டடத்திலிருந்து துரத்தப்பட்டு வாகன நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகள், அந்த நேரத்தில் அப்படி எந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறார்கள்?

திறந்து பார்த்தாள்.

'இது கேஸ் இல்லை. நான் குவாங்டோங்காரன், சத்தியம் செய்கிறேன், இது டுரியான்.' 'டீச்சரிடம் டுரியான் என்று சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்கிறார்.' 'எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள், எனக்கு எச்சில் ஊறுகிறது.' ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அதே கதை. கேஸ் மாதிரியே நாறும் அந்த முள் பழத்தின் பெயர் இருந்ததால் எல்லாவற்றையும் மெஷின் ஒழுங்காகத் தொட்டியில் போட்டிருந்தது. அந்தப் பெயரை ஏற்றச் சொன்னது அவளேதான்.

கடைசியாக ஒரு படம். முகமூடி போட்ட தீயணைப்பு வீரர் ஒருவர், குழந்தையின் ஈரத்துணியைப் பிடிப்பது மாதிரி கையை நீட்டி எதையோ தூக்கிக்கொண்டு வருகிறார். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணியில் சுற்றிய உருண்டையான ஒன்று. துணியில் வெள்ளிப் பட்டை. பட்டையின் நடுவில் பெரிய கிரீஸ் கறை.

தனபாலனின் கிடங்கு வேலைச் சட்டை அது. அந்தக் கறையோடு அவள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டியிருக்கிறாள்.

சீதாதேவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதே கறைதான்.

நடந்தது இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை தனபாலனுக்குப் பிறந்தநாள். ஆசியக் கடையில் டுரியானிலேயே விலை கூடின மூசாங் கிங், உறைய வைத்தது, முழுசாக வந்திருந்ததைப் பார்த்ததும் வாங்கிவிட்டாள். வீட்டுக்குள் கொண்டுவந்தபோது சுரேகா வாசலில் கையை விரித்து மறித்தாள். "நோ, மம். ஈதர் தட் திங் ஆர் மீ." சரியென்று பழத்தைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, மேலே புருஷனின் பழைய சட்டையை இறுக்கிச் சுற்றி, ஆபீஸ் மாடியின் பொதுச் சமையலறையில் ஐஸ் பெட்டிக்குள் அடியில் தள்ளி வைத்திருந்தாள். வியாழன் சாயங்காலம் ஐஸ் பெட்டியை அணைத்துக் கழுவப்போகிறோம், அவரவர் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கட்டட நிர்வாகம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அதை இப்போதுதான் தேடித் திறந்து பார்த்தாள். சுத்தம் செய்தவர்கள் பழத்தை எடுத்து மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பழம் இரவெல்லாம் நிதானமாக இளகி, காலையில் ஹீட்டர் போட்டதும் மாடி மாடியாகக் கிளம்பிவிட்டது.

முதலில் புருஷனைத்தான் கூப்பிட்டாள். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் கீங்கீங் என்று கத்தியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தனபாலன் வண்டியை அணைத்தான்.

"பழம் என்னாச்சு?"

"யோவ்! இங்க என் வேலையே போவப் போவுது, பழத்தக் கேக்குறியே!"

"சரி சரி, கத்தாத. கட்டடத்த விட்டு வெளிய வந்தாங்களா? ஆமா. வண்டி வந்துச்சா? ஆமா. அப்ப நீ எழுதுனதுல பொய் ஒன்னும் இல்லியே. சும்மா இரு லா. நீ சொல்லாட்டி அது யாரு பழம்னு யாருக்குத் தெரியப் போவுது?"

அதுதான் அவளையும் உறுத்தியது. பழத்தின் மேல் பெயர் எழுதியிருக்கவில்லை. பேசாமல் இருந்தால், காலையிலேயே மற்றவர்களை முந்திய கம்பெனி என்று பெயர். சொன்னால்? இன்று முழுக்க வந்த ஒரே செய்தியை, அதைச் சரிபார்த்தவளே உண்டாக்கியிருக்கிறாள். வாடிக்கையாளரைப் பிடிக்க நாடகம் ஆடினார்கள் என்று ஹேலி நினைக்க மாட்டாளா? அவள் இடத்தில் இருந்தால் சீதாதேவியே அப்படித்தான் நினைப்பாள்.

வானொலியில் மறுபடி அந்த ஆண் குரல். எல்லர்ஸ்லியில் எரிவாயு, அந்தப் பக்கம் போகிறவர்கள் வேறு வழியில் போகவும். யாரோ ஒரு அம்மா பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது.

'திருத்தம். எல்லர்ஸ்லியில் கசிந்தது எரிவாயு அல்ல. இளகிய டுரியான் பழத்தின் வாசனை. ஆபத்து இல்லை. பழம் இந்தச் செய்திகளைச் சரிபார்க்கும் எங்கள் ஊழியருடையது. வருந்துகிறோம்.' பொத்தானை அமுக்கிவிட்டு அனுஷனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஸ்கிரீனப் பாரு."

அவன் முணுமுணுத்து வாசிப்பது கேட்டது.

"அக்கா... எங்கட ஊழியர் எண்டா? எங்களிட்ட ஒரு ஊழியர்தானே இருக்கிறா?"

"ஆமா."

"நீங்களோ?"

"நான்தான் லா."

"ஐயோ அக்கா" என்றான்.  பக்கத்தில் யூதிங் என்னவென்று கேட்பதும், பிறகு அவள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவதும் கேட்டன. அடுத்து போனில் ஹேலியின் குரல், ஆங்கிலத்தில், விறைப்பாக.

"ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்களுக்கு ஒரு செய்தி காட்ட வேண்டும் என்பதற்காக நீங்களே அந்தப் பழத்தை அங்கே வைத்தீர்களா?"

சீதாதேவிக்குச் சுருக்கென்றது. "அது மூசாங் கிங்" என்றாள். "நாடகம் ஆட வேண்டுமென்றால் மலிவான பழமாகப் பார்த்து வைத்திருப்பேன். பிறந்தநாள் பழத்தை யாராவது அப்படி வீணாக்குவார்களா?"

ஹேலி சிரிக்கவில்லை. ஆனால் குரல் ஒரு படி இறங்கியது. "பழம் என்று முதலில் யார் சொன்னது?"

"பிள்ளைகள். ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார்கள். சாப்பாடு என்றால் செய்தி இல்லை என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அது என் தப்பு. மெஷின் மேல் குற்றம் இல்லை."

"அந்தத் தொட்டியை எனக்குத் திறந்து காட்டச் சொல்லுங்கள்" என்றாள் ஹேலி. போன் அணைந்தது.

இனி வீட்டில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது. சீதாதேவி காரை எடுத்துக்கொண்டு எல்லர்ஸ்லி போனாள். தீயணைப்பு அதிகாரியிடம் தன் பழம்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர், "அதைச் சாப்பிடுவார்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் வரும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிப் போனார். பள்ளி டீச்சரிடமும் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே தலையை ஆட்டினாள்.

வாகன நிறுத்தத்தின் கோடியில், புல்மேட்டில், ஆரஞ்சுச் சட்டை சுற்றியபடி பழம் தனியாகக் கிடந்தது. அதிலிருந்து மரியாதையான தூரத்தில் பாதிப் பிள்ளைகள். மீதிப் பிள்ளைகள் மரியாதையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்கள்.

சீதாதேவி சட்டையை அவிழ்த்தாள். இளகிய பழத்தை மறுபடி உறைய வைக்க முடியாது. இந்த நாற்றத்தோடு வீட்டுக்கும் எடுத்துப்போக முடியாது. கார் டிக்கியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பிளந்தாள். "வாங்க, ஆளுக்கு ஒரு சுளை. டீச்சர் பக்கம் போய் ஊதாதீங்க" என்று சீனத்தில் சொன்னாள்.

 தேனீக்கள் போல மொய்த்துவிட்டார்கள்.

"ஆன்ட்டி, நீங்கள் எப்படிச் சீனம்..." என்று ஆரம்பித்த பையன், வாயில் சுளை போனதும் கேள்வியை மறந்தான். கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் விரலை நக்கிக்கொண்டே கேட்டாள். "மேல் மாடியில் என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"நீங்க வெய்போல எழுதுறதப் படிக்கிற வேலை."

"எல்லாவற்றையுமா?" அவள் முகம் சிவந்தது.

"ஊரே பாக்கட்டும்னுதானே போடுற? அப்புறம் நான் பாத்தா என்ன? அந்தச் செபாஸ்டியன்ற பையன் மட்டும் வேணாம் லா, உனக்கு சரிப்பட்டு வராது."

அவள் யாருக்கோ சொன்னது மாதிரி திரும்பிக்கொண்டாள். தோழிகள் கத்திச் சிரித்தார்கள். உண்மையில் சீதாதேவிக்கு எந்தச் செபாஸ்டியனையும் தெரியாது. பள்ளிக்கு ஒரு செபாஸ்டியனாவது இருப்பான் என்ற நம்பிக்கையில் அடித்துவிட்டது.

போன் அடித்தது. இரண்டு கையும் டுரியான். கண்ணாடிப் பெண்ணே போனை எடுத்து அவள் காதருகில் பிடித்தாள்.

"அக்கா" என்றான் அனுஷன். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. "ஹேலி இண்டைக்குக் கையெழுத்து வைக்கமாட்டாவாம்."

"ம்."

"ஒரு மாசம் ஓட்டிப் பாக்கட்டாம். காசு குடுத்துத்தான். பிழை விட்டது நீங்கள், திருத்தினதும் நீங்கள், ஆரும் கேக்க முந்தித் திருத்தினது என்னவோ அவவுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா ரெண்டு கண்டிசன் அக்கா."

"சொல்லு."

"சாப்பாட்டுத் தொட்டியை இனி மூடக்கூடாதாம். சிவப்புப் புள்ளி வந்தா அதுக்குள்ள என்ன கிடக்கெண்டும் பாத்துத்தான் அனுப்போணும். அதை நீங்கள்தான் பாக்கோணுமாம்."

"நல்லா பாத்துட்டாப் போச்சு. ரெண்டாவது?"

"திங்கக்கிழமை காலமை நீங்கள் எங்கட ஆபீசிலயிருந்து அவவுக்கு ஒரு கோல் எடுத்து, அந்தப் பழத்தை எப்பிடிச் சாப்பிடுறதெண்டு ரேடியோவில கதைக்கட்டாம்."

சீதாதேவி சிரித்த சிரிப்பில் கண்ணாடிப் பெண்ணின் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது.

"சரி லா, பேசுறேன்" என்றாள். பிறகு, கைக்குள் மிஞ்சியிருந்த கடைசிச் சுளையை ஒரு நிமிஷம் பார்த்தாள். புருஷனுக்கு எடுத்து வைக்கலாமா என்று ஒரு யோசனை ஓடியது. சட்டையைத்தான் துவைத்துக் கொடுக்கப்போகிறோமே என்று அதையும் வாயில் போட்டுக்கொண்டாள்.